அரங்கும் காயும்

நுழையும்முன்

காவிரிப் படுகையில் உழவுக்குப் பருவம் இருப்பதுபோல ஓய்வுக்கும் பருவம் உண்டு. அந்த ஓய்வுப் பொழுதில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் வளர்ந்தவை பலகை விளையாட்டுகள். அவற்றுள் ஒரு வீடு என்றும் வைத்துக் காக்கத்தக்கவை எவை? அவற்றைக் காப்பது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

கோடையும் திண்ணையும்

தஞ்சை வட்டாரத்தில் சம்பா, தாளடி அறுவடைக்குப்பின் உளுந்தும் பயறும் எடுக்கப்படும். அதன்பிறகு, மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12ஆம் நாள்வரை வயல்களில் வேலை குறைவு. புளி உலுக்கிக் கொட்டை எடுக்கும் காலமும் அதுவே. உரித்த புளியங்கொட்டைகள் பெண்களின் கையில் ஆட்டக்காய்களாயின. வண்டல் மண் பரந்த இந்நிலத்தில் பாறை அரிது. ஆதலால், கோயில் தளத்துக் கற்களில் கீறிய கோடுகளும் திண்ணையில் கரியால் வரைந்த கட்டங்களுமே ஆட்டப் பலகைகளாயின.

வல்லும் வட்டும்

இவ்விளையாட்டுகளின் தொன்மைக்குத் தமிழ் இலக்கணமே சான்று. ‘வல்’ என்பது பலகையில் ஆடும் சூதாடு கருவியைக் குறித்த பழஞ்சொல். இச்சொல் ‘நாய்’, ‘பலகை’ என்னும் சொற்களோடு புணரும் முறையைத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் கூறுகிறது. இங்கு ‘நாய்’ என்பது ஆட்டக்காயின் பெயர். கீழடி அகழாய்வில் பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்துள்ளன.

திருவள்ளுவரும் கல்லாமை அதிகாரத்தில், நூலறிவு நிரம்பாமல் அவையில் பேசுவதை, அரங்கு இழைக்காமல் வட்டாடுவதற்கு ஒப்பிடுகிறார். அரங்கு என்பது வரைந்த கட்டம். வட்டு என்பது ஆடும் காய். அவரே சூது என்னும் 94ஆம் அதிகாரத்தில், பொருள் வைத்து ஆடுவதைக் கடிந்துரைக்கிறார். காயும் கட்டமும் ஒன்றாயினும், பணயம் புகுந்தால் விளையாட்டு சூதாகிவிடும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

தேர்வுக்கு அளவுகோல்

பல விளையாட்டுகளுள் ஐந்தை மட்டும் தேர்வதாயின் அளவுகோல் வேண்டும். காய்களும் பலகையும் எளிதில் கிடைக்க வேண்டும். பாட்டியும் பெயரனும் எதிரெதிரே அமர்ந்து ஆடக்கூடியதாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் மற்றவை கற்பிக்காத ஒன்றைக் கற்பிக்க வேண்டும். இம்மூன்றையும் கொண்டு நோக்கினால் பின்வரும் ஐந்தும் முன்நிற்கின்றன.

பல்லாங்குழி

இரு வரிசைகளில் ஏழேழாகப் பதினான்கு குழிகள் கொண்டது பல்லாங்குழி. குழிக்கு ஐந்து காய் வீதம் இட்டு ஆடும் முறையில் மொத்தம் 70 காய்கள். ஒரு குழியின் காய்களை எடுத்து, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்வர். வெறுங்குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் அது ‘பசு’. அக்குழிக்கு உரியவர் அதனை எடுத்துக்கொள்வார்.

இதன் சிறப்பு தோற்றவருக்கு அளிக்கும் வாய்ப்பில் உள்ளது. முதல் சுற்றின் இறுதியில் ஒருவரிடம் 22 காய்களே உள்ளன எனக் கொள்வோம். அவர் நான்கு குழிகளை நிரப்புவார். இரண்டு காய்கள் கையில் எஞ்சும். மூன்று குழிகள் அச்சுற்றில் மூடப்படும். எனினும் ஆட்டம் முடிவதில்லை. குறைந்த முதலோடு தொடங்கி இழந்த குழிகளை மீட்டவர் பலர். விளைச்சல் பொய்த்த ஆண்டின் பின்னும் எஞ்சிய விதைநெல்லோடு வயலில் இறங்கும் உழவரின் மனவுறுதிக்கு நிகரானது இது.

ஆடுபுலி ஆட்டம்

மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள், கோடுகள் சந்திக்கும் 23 புள்ளிகள். இருவர் ஆடும் இவ்வாட்டத்தில் இரு தரப்பும் சமமல்ல. புலி ஆட்டைத் தாண்டி, அதே நேர்கோட்டில் அடுத்துள்ள வெற்றுப் புள்ளியில் இறங்கினால் ஆடு வெட்டுப்படும். ஆட்டுக்குத் தாண்டும் உரிமை இல்லை. ஆயினும் ஒரே கோட்டில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஆடுகளைப் புலியால் தாண்ட இயலாது. ஆடுகள் கூடி நின்று, மூன்று புலிகளும் நகரமுடியாதவாறு அடைத்துவிட்டால் வெற்றி ஆடுகளுக்கே. நேபாளத்தில் நான்கு புலிகளும் இருபது ஆடுகளும் கொண்டு ஆடப்படும் ‘பாக் சால்’ இதன் உறவாட்டம்.

தாயம்

தாயக்கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றின் நான்கு பக்கங்களிலும் முறையே வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள் இருக்கும். ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் அது தாயம். தாயம் விழுந்தால்தான் காய் களத்தில் இறங்கும். இரண்டும் வெறுமையாயின் பன்னிரண்டு. உருட்டலில் விழத்தக்க 16 வகைகளுள் தாயத்துக்குரியவை இரண்டு, பன்னிரண்டுக்குரியது ஒன்றே. காத்திருப்பின் அருமையும் நிகழ்தகவின் கணக்கும் ஒருங்கே புலப்படும் ஆட்டம் இது. இதற்கு உறவான வடநாட்டுப் பச்சீசியின் மாற்றுவடிவமே 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற லூடோ.

பரமபதம்

மார்கழி மாத வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்போர் ஆடும் பரமபதத்தில் திறமைக்கு இடமில்லை. ஏணி ஏற்றும், பாம்பு இறக்கும். திறமை வேண்டாத ஆட்டத்தை ஏன் காக்க வேண்டும் என்னும் வினா எழலாம். எழுத்தறியாச் சிறுமியும் ஊரறிந்த அறிஞரும் இதில் சமம். இறுதிக் கட்டங்களில் பாம்பின் வாய்ப்பட்டு இறங்கியவர், சிரித்துக்கொண்டே மீண்டும் ஏறப் பழகுகிறார்.

சதுரங்கம்

திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலத்தை அடுத்த திருப்பூவனூரில் இறைவன் பெயர் சதுரங்க வல்லபநாதர். இராசராசேசுவரியோடு சதுரங்கம் ஆடி வென்றார் என்பது தலவரலாறு. திருநாவுக்கரசரால் பாடப்பெற்ற தலம் இது. 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டராகிப் பின்னர் உலக வாகையும் சூடிய விசுவநாதன் ஆனந்த் பிறந்த மயிலாடுதுறையும் காவிரிக் கரையில் உள்ளதே. 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் 2022இல் மாமல்லபுரத்தில் நடைபெற்றது. சென்னையைச் சேர்ந்த குகேஷ் 2024இல் தம் 18ஆம் வயதில் உலக வாகையரானார். நற்பேற்றுக்கு இடமின்றி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஆடுபவரே பொறுப்பேற்கும் ஆட்டம் இது.

காப்பது எவ்வாறு?

சதுரங்கத்தின் விதிகள் உலகெங்கும் அச்சில் உள்ளன. மற்ற நான்கின் விதிகளோ பெரும்பாலும் வாய்மொழியாகவே வாழ்கின்றன. பல்லாங்குழியில் ஐந்து காயா, ஆறு காயா என்பது ஊருக்கு ஊர் மாறும். தாயத்தில் வெட்டும் முறை வீட்டுக்கு வீடு வேறுபடும். பித்தளைப் பல்லாங்குழியைக் கண்ணாடிப் பேழையில் வைத்துவிடலாம். ஆடத்தெரிந்தவர் இல்லையெனில் அது பதினான்கு குழிகள் கொண்ட பாத்திரமே. கோயில் தளத்தில் கீறிய கட்டத்தைக் காண்போர் பலர். அதில் முதற்காயை எங்கு வைப்பது என அறிந்தோர் சிலர். கல்லில் வரைந்த அரங்கு நிலைத்திருக்க, ஆட்டம் மறைவதற்கு ஒரு தலைமுறை கற்றுக்கொள்ளாமல் விடுவதே போதும். ஆதலால், ஒரு விளையாட்டை என்றும் வைத்திருப்பது என்பதன் பொருள், அதனை இளையவர் ஒருவருக்குக் கற்பித்துவிடுவதே ஆகும்.

கற்பவை கற்றபின்

1. வீட்டிலுள்ள மூத்தோரிடம் பலகை விளையாட்டு ஒன்றன் விதிகளைக் கேட்டறிந்து எழுதுக. அதே விளையாட்டுக்கு உடன் பயில்வோர் எழுதிய விதிகளோடு ஒப்பிடுக.

2. தாயக்கட்டையின் 16 விழுவகைகளையும் அட்டவணைப்படுத்தி, மிகுதியாக விழத்தக்க எண் எதுவெனக் காண்க.

3. ‘என்றும் காக்க வேண்டிய விளையாட்டுகள்’ என்னும் தலைப்பில், ஐந்து விளையாட்டுகளைத் தேர்ந்து, காரணங்காட்டி வகுப்பறையில் உரையாடுக.