நண்பர்கள் கைகொடுத்தால் ஒரே நாளில் கோழிக்கூண்டு

பத்து நாட்டுக்கோழிகள் இரவில் அடைய 4 அடிக்கு 5 அடி கூண்டு போதும். பழைய கதவு, தகரம், சவுக்குக் கம்பு எல்லாம் நண்பர்கள் வீட்டுக் கொல்லையிலேயே கிடக்கும், கேட்டுப் பாருங்கள்.

வலைக்கு மட்டும் காசு பார்க்காதீர்கள். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்தான் வாங்க வேண்டும். கண் பெரிதாக இருந்தால் கீரியும் பாம்பும் நுழைந்துவிடும். எங்கள் வீட்டில் ஒரே இரவில் மூன்று குஞ்சுகள் போயின. இன்னும் மனசு ஆறவில்லை. வலையை விறைப்பாக இழுத்துப் பிடிக்க இரண்டு பேர், ஆணியடிக்க ஒருவர் வேண்டும்.

கூண்டைத் தரையிலிருந்து 2 அடி உயர்த்தி, அடியில் மூங்கில் பட்டைகளை விரல் இடைவெளி விட்டு அடியுங்கள். எச்சம் கீழே விழும். முருங்கைக்கு நல்ல உரம். தகரத்தின்மேல் தென்னங்கீற்று போட்டால் சூடு இறங்காது.

வந்தவர்களுக்கு மதியம் வயிறாரச் சோறு போடுங்கள். முதல் முட்டைகளும் அவர்களுக்கே.