சேர்ந்து கேட்டால்தான் கம்பி வரும்

பிரிஞ்சாங் மலையின் உயரம் 2,000 மீட்டருக்கு மேல். மலேசியாவின் கேமரன் மலையில், சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துப் பக்கமாக ஏறும் குறுகிய சாலை ஒன்று அதன் உச்சிவரை போகிறது. அங்கே ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு கோபுரங்கள் நிற்கின்றன. தலைக்கு மேல் இத்தனை இருந்தும், கீழே பள்ளத்தாக்கில் உள்ள சில தொழிலாளர் லயங்களில் வாசலில் நின்று ஒரு போன் பேச முடியாது. ரோட்டு வளைவுவரை நடந்து வரவேண்டும். கைப்பேசி அலை நன்றாக எட்ட நேர்கோடு வேண்டும். எங்கள் மலையில் நேர்கோடு என்று எதுவும் இல்லை.

தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சில தவணைகள் செயலாளராக இருந்தேன். அந்தக் காலத்தில் பக்கத்துப் பள்ளிகளோடு சேர்ந்து இணையச் சேவை வாங்கும் வேலையில் இறங்கினோம். அப்போது கற்றுக்கொண்டதை மற்ற தோட்டங்களிலிருந்து இன்றும் யாராவது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது சுலபம்.

பள்ளிகள் சேர்ந்து இணையம் வாங்குவது இந்த நாட்டுக்குப் புதிது அல்ல. 2011 கடைசியில் ஒன்பெஸ்தாரிநெட் என்ற பெயரில் நாட்டின் ஏறத்தாழ 10,000 அரசுப் பள்ளிகளையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டியது கல்வி அமைச்சு. இரண்டரை ஆண்டு முதல் கட்டத்துக்கு மட்டும் 663 மில்லியன் வெள்ளி. பள்ளி வளாகங்களில் கோபுரம் எழுந்தது, கம்பியில்லா இணையம் வந்தது, பாடம் நடத்த ஒரு மெய்நிகர்த் தளமும் வந்தது. 2013-ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, அந்தத் தளத்தை மாணவர்களும் ஆசிரியர்களும் மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள் என்று எழுதியது. 2019 நடுவில் திட்டம் முடிந்தது. மலேசியப் பள்ளிகளுக்காகச் சேர்த்து வாங்கிய மிகப் பெரிய இணையக் கொள்முதல்களில் ஒன்று இது என்பேன். கோலாலம்பூரில் மேசையில் உட்கார்ந்து பத்தாயிரம் பள்ளிக்கும் ஒரே அளவில் சட்டை தைத்தார்கள். மலையில் இருப்பவனுக்கு எட்டவில்லை.

அதன்பின் 2020 மார்ச் 18-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, படிப்பு இணையத்துக்கு மாறியது. ஜூன் மாதம் சபா மாநிலத்தின் பித்தாஸ் பகுதியில் ஒரு மாணவி இணையத்துக்காக மரத்தில் ஏறி உட்கார்ந்து பரீட்சை எழுதினார், நாடே பார்த்தது. எங்கள் பக்கம் மரமேறவில்லை, மேடேறினோம். பிள்ளைகள் சாயங்காலம் தேயிலை மேட்டில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த பிறகுதான் பெற்றோர்கள் கூட்டத்துக்கு ஒழுங்காக வர ஆரம்பித்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எது நம் கையில் இருக்கிறது என்பது. பள்ளியின் அதிகாரபூர்வ இணைப்பு அமைச்சு கொடுப்பது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் அதைத் தொட முடியாது. வேகம் போதவில்லை என்று புகார் கொடுக்கலாம், அவ்வளவுதான். சங்கமும் பள்ளி மேலாளர் வாரியமும் தங்கள் பணத்தில் வாங்கக்கூடியது இரண்டாவது இணைப்பு. தலைமையாசிரியரின் எழுத்துபூர்வ சம்மதமும் மாவட்டக் கல்வி இலாகாவுக்கு ஒரு தகவல் கடிதமும் இல்லாமல் அதைத் தொடங்காதீர்கள். பின்னால் தலைமையாசிரியர் மாறினால் அந்தக் கடிதம்தான் பேசும்.

அடுத்து நிலம். தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல, தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் நிற்பவை. அதனாலேயே அரசின் முழு உதவி பெறாமல் பகுதி உதவியில் ஓடுபவை. இணையத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். பெரிய ரோட்டிலிருந்து பள்ளிவரை இணையக் கம்பி வரவேண்டுமென்றால் வழிநெடுகத் தூண் நடவேண்டும். அந்த வழி தோட்டத்துக்குச் சொந்தம். மேனேஜர் கையெழுத்துப் போடாமல் ஒரு தூண்கூட நிற்காது. கொழுந்து ஏற்றும் லாரியின் உயரம், கொழுந்து வெட்டும் இயந்திரம் திரும்பும் இடம், மருந்து அடிக்கும் வழி, எல்லாம் அவர்களுக்குக் கணக்கு. இந்தக் கணக்கு தெரிந்தவர் தோட்ட ஆபீஸ் கிராணி. எங்கள் கிராணி முதல் பேச்சிலேயே, “சார், தூணை ரோட்டுக்கு இந்தப் பக்கம் போடுங்க, அந்தப் பக்கம் மறுநடவு வருது. அடுத்த வருஷம் பிடுங்கச் சொல்வாங்க” என்றார். எந்த நிறுவனத்தின் பொறியாளரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

இனி விலை. பள்ளிகள் சேர்ந்தால் விலை குறையும் என்று நினைத்துத்தான் நாங்களும் உட்கார்ந்தோம். 2018-இல் அரசு, இணைய நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று கொடுக்கும் மொத்த அணுகல் கட்டணத்துக்கு உச்சவரம்பு கொண்டுவந்த பிறகு வீட்டு இணைப்பின் விலை நாடு முழுவதும் இறங்கிவிட்டது. அந்த ஆண்டின் கடைசியிலேயே நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு மாதம் 129 வெள்ளிக்கு வந்தது. பட்டணத்தில் என்ன விலையோ ரிங்லெட்டிலும் அதே விலை. ஆகவே மாதக் கட்டணத்தில் பேரம் பேச பெரிதாக இடமில்லை. எங்கள் பிரச்சினை வேறு. அந்த விலைக்கு விற்பவர் எங்கள் மேட்டுக்கு வரவே மாட்டேன் என்கிறார். விற்பனைக்கு வந்த இளைஞர் ஒளிக்காமல் சொன்னார்: “ஒரு ஸ்கூலுக்காக இவ்வளவு தூரம் தூண் போட்டா எங்களுக்கு எப்போ காசு திரும்பும் அங்கிள்? பின்னால வீடு இருந்தா சொல்லுங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வேலை தொடங்கியது. வீடு இருந்தது. பள்ளிக்குப் பின்னால் லயங்கள், ஸ்டாஃப் குவாட்டர்ஸ், பாலர் பள்ளி, தோட்டக் கிளினிக், ஸ்டோர், கோயில் நிர்வாகம், கொஞ்சம் தள்ளி ஃபாக்டரி. ஒவ்வொரு வீட்டுக்கும் போய், கம்பி வந்தால் சேவை எடுப்பீர்களா என்று கேட்டு, பெயரும் வீட்டு எண்ணும் கையெழுத்தும் வாங்கினோம். அடுத்த பள்ளியும் அதையே செய்தது. எல்லாவற்றையும் ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக வைத்து ஒரே கடிதமாகக் கொடுத்தோம். தனியாகப் போனபோது கோப்பில் தூங்கிய விண்ணப்பம், இப்படிப் போனபோது அளவெடுக்க ஆளைக் கூட்டி வந்தது. பள்ளிகள் சேர்வதன் பலன் தள்ளுபடியைவிட இதில்தான் அதிகம்: கம்பி இழுப்பவருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

யாரோடு சேர்வது என்பதில் ஒரு தகராறு நடந்தது. மாவட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் மட்டும் ஓர் அணியாக நிற்க வேண்டும் என்று சிலர் உணர்ச்சியோடு பேசினார்கள். மாணவர் விழாவுக்கும் மானியக் கோரிக்கைக்கும் அது சரி. இணையத்துக்குச் சரிவராது. எங்கள் பள்ளிகள் தெற்கே ரிங்லெட், போ தோட்டம் தொடங்கி, தானா ராத்தா, சுங்கை பாலாஸ் வழியாக, வடக்கே புளூ வேலிவரை சிதறிக் கிடக்கின்றன. ரிங்லெட் பக்கம் தாப்பாவிலிருந்து ஏறும் பழைய பாதை. வடக்கே கம்போங் ராஜா பக்கம் சிம்பாங் பூலாயிலிருந்து வரும் புதிய பாதை. கம்பி ரோட்டோடுதான் போகும். ஒரே ரோட்டில் இருக்கும் தேசியப் பள்ளியும் சீனப் பள்ளியும் உங்களுக்குப் பங்காளி. அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கும் தமிழ்ப்பள்ளி, எவ்வளவு வேண்டியவர்களாக இருந்தாலும், இந்த விஷயத்தில் தனி. பேச்சு முடிந்தபோது ரோட்டுக்கு ஒரு குழு என்று பிரிந்தோம். சிலருக்கு இன்னும் வருத்தம்.

பள்ளிகள் சேர்ந்து இணையம் வாங்குவதை வெளிநாடுகளில் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2000 வாக்கில் லண்டனின் நகராட்சிப் பிரிவுகள் சேர்ந்து லண்டன் கிரிட் ஃபார் லேர்னிங் என்ற அமைப்பை உருவாக்கி, பள்ளிகளுக்கான இணையத்தை மொத்தமாக வாங்கின. அமெரிக்காவில் 1996 தொலைத்தொடர்புச் சட்டத்தின் வழி வந்த ஈ-ரேட் திட்டம், பள்ளியின் வறுமைக்கேற்ப 20 முதல் 90 விழுக்காடுவரை தள்ளுபடி தருகிறது. பள்ளிகள் கூட்டாக விண்ணப்பிக்கவும் வழி வைத்திருக்கிறது. நம் நாட்டில் 2005 முதல் பல்கலைக்கழகங்கள் மைரென் என்ற கட்டமைப்பில் ஒன்றாக இணைந்திருக்கின்றன. பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்த வழி தோட்டப் பள்ளிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு எச்சரிக்கை. சேர்ந்து வாங்குவது என்றதும், ஒரு பள்ளியில் பெரிய இணைப்பு எடுத்து அதை ஆன்டெனா வைத்து மற்ற பள்ளிகளுக்கும் லயங்களுக்கும் பங்கு போடலாம் என்று யாராவது ஒரு புத்திசாலி சொல்வார். எங்களிடமும் சொன்னார். சேவையை வாங்கி அடுத்தவருக்குக் காசுக்குக் கொடுப்பது 1998-ஆம் ஆண்டு தகவல்தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் உரிமம் கேட்கும் தொழில். வீட்டுத் திட்டங்களின் நிபந்தனையும் அதற்கு இடம் தராது. கோரிக்கை ஒன்றாக இருக்கட்டும், ஒப்பந்தமும் பில்லும் தனித்தனியாக இருக்கட்டும். ஒரு சங்கம் பணம் கட்டத் தவறினால் எல்லாப் பள்ளியும் இருட்டில் உட்காரக் கூடாது.

ஆனால் ஒப்பந்தம் முடியும் தேதி மட்டும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு ஆண்டு ஒப்பந்தம் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒவ்வொரு மாதத்தில் முடிந்தால், புதுப்பிக்கும்போது மறுபடி தனி ஆளாகத்தான் நிற்பீர்கள். எல்லாம் ஒரே மாதத்தில் முடிந்தால் உங்களைத் தேடி அவர்களே வருவார்கள்.

பேரத்தில் எதைக் கேட்பது? வேகத்தை மட்டும் கேட்காதீர்கள். ஆயிரம் பேருக்கு நொடிக்கு ஒரு கிகாபிட், அதாவது ஆளுக்கு ஒரு மெகாபிட் என்பது அமெரிக்காவில் 2014-இல் பள்ளிகளுக்கு வகுத்த நீண்டகால இலக்கு. எங்கள் தோட்டப் பள்ளிகள் பெரும்பாலும் 150 பிள்ளைகளுக்கும் குறைவான சிறிய பள்ளிகள். அந்த அளவுகோலின்படியே 150 மெகாபிட் அளவு போதும். விற்பவர் 500 எடுங்கள், 800 எடுங்கள் என்பார். அந்தக் காசை வேறு இடத்தில் போடலாம். பழுது என்றால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், யாரை அழைப்பது, மண்சரிவில் கம்பி அறுந்தால் மாதக் கட்டணம் கழிக்கப்படுமா, இவற்றை எழுத்தில் கேளுங்கள். மழைக்காலத்தில் தாப்பா ரோட்டில் மண் சரிவது எங்களுக்குச் செய்தியே அல்ல. எங்கள் குழுவுக்கு மாதக் கட்டணத்தில் கிடைத்த சலுகை சொல்லும்படியாக இல்லை. பொருத்தும் கட்டணம் தள்ளுபடி ஆனதும், அழைத்தால் எடுக்கும் ஒரு மனிதரின் எண் கிடைத்ததும்தான் லாபம்.

புகார் கொடுக்குமுன் அளந்து பாருங்கள். சாயங்காலம் ஆபீஸில் வைஃபையில் அளந்துவிட்டு வேகம் நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்வதில் பொருளில்லை. காலை பத்து மணிக்கு, வகுப்புகள் நடக்கும்போது, மோடத்தில் நேராகக் கம்பி செருகி, எல்லாப் பள்ளியிலும் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வையுங்கள். நாங்கள் அப்படிச் செய்தபோது சில பள்ளிகளில் மோடம்வரை இணையம் நன்றாகவே வந்துகொண்டிருந்தது தெரிந்தது. ஆபீஸில் ஒரு ரௌட்டர், நடுவில் கெட்டியான சுவர், அந்தப் பக்கம் நான்காம் ஆண்டு வகுப்பு. அங்கே தேவைப்பட்டது வகுப்பறை வரிசைக்கு ஒரு கம்பியும் கூரைக்கடியில் ஓர் அக்சஸ் பாயின்ட்டும். பழைய பொருத்துநரைப் பிடித்தால் ஒரு சனிக்கிழமை வேலை. மின்சாரம் அடிக்கடி போகும் பள்ளிக்கு ஒரு யூபிஎஸ்ஸும், மின்னலுக்குப் பயந்து நல்ல எர்த்தும் போட்டுக்கொள்ளுங்கள். மலையில் மின்னல் தின்ற மோடங்களை வைத்து ஒரு கண்காட்சியே நடத்தலாம்.

கடைசியில், கம்பி எட்டாத பள்ளி ஒன்று எப்போதும் இருக்கும். எங்கள் குழுவிலும் இருந்தது. அளவெடுக்க வந்தவர்கள் அந்த இடத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். எண்ணிக்கை குறையக் கூடாதென்று அந்தப் பள்ளியையும் காத்திருக்கச் சொல்ல வேண்டும் என்றார் ஒருவர், நான் ஒப்பவில்லை. ஸ்டார்லிங்க் 2023 ஜூலையில் மலேசியாவுக்கு வந்தது. தொடக்கத்தில் கருவி 2,300 வெள்ளி, மாதம் 220 வெள்ளி. கம்பியைவிடக் கனமான செலவுதான். ஆனால் அதற்குத் தூண் வேண்டாம், பாதை வேண்டாம், மறைப்பில்லாத வானம் போதும். அந்தப் பள்ளிக்குச் செயற்கைக்கோளே சரி என்று விலக்கிவிட்டோம். இதே மாவட்டத்தில் லெமோய் போன்ற உட்பகுதிகளில், நான்கு சக்கர வண்டி மட்டுமே போகும் பாதைக்கு அப்பால் ஒராங் அஸ்லி பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே பெற்றோர் சங்கம் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினாலும் எந்த நிறுவனமும் கணக்குப் பார்த்துக் கம்பி இழுக்காது. அது அரசாங்கமே செய்ய வேண்டிய வேலை, அதைப் பெற்றோர்கள் தலையில் கட்டக் கூடாது.

உங்கள் தோட்டத்துக்கு இன்னும் கம்பி வரவில்லையென்றால், விலைப்பட்டியலை இறக்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் ரோட்டில் அடுத்திருக்கும் பள்ளியின் செயலாளருக்கு இந்த வாரமே போன் போடுங்கள். அதற்கு முன் கிராணியை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.