ஆயுதம் ஓர் அமானிதம்: கவனக்குறைவால் போகும் உயிருக்கு யார் பொறுப்பு?



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

இன்று நாம் பார்க்கப் போவது மிம்பர்களில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம்: துப்பாக்கி.

கம்பம் பள்ளத்தாக்கில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நம்மில் பெரும்பாலோர் வீட்டில் அது இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நம் ஊர்களுக்கு மேற்கே இடுக்கி மலை, கிழக்கே மேகமலை. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் அதிகாலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் நம் சகோதரர்கள், சகோதரிகள். மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றித் தொல்லையும் உண்டு. இப்படிப்பட்ட இடங்களில்தான் நாட்டுத் துப்பாக்கி ஏதாவது ஒரு சாளையின் மூலையில் சாய்ந்து நிற்கிறது. வைத்திருப்பவர் ஒருவர். அது வெடித்தால் போகிற உயிர் யாருடையதாகவும் இருக்கலாம்.

நார்த்தாமலையில் நடந்தது

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, பசுமலைப்பட்டி துப்பாக்கிச் சுடும் தளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் இருந்தார்கள். அங்கிருந்து பாய்ந்த ஒரு தோட்டா, தளத்துக்கு வெளியே தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பட்டது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தும் பலனில்லை. 2022 ஜனவரி 3 அன்று அந்தக் குழந்தை இறந்துபோனது.

அந்தக் குழந்தையை யாரும் குறிவைக்கவில்லை. சுட்டவர்கள் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள், சுட்ட இடம் அதற்கென்றே ஒதுக்கப்பட்ட இடம். அப்படியிருந்தும் ஓர் உயிர் போய்விட்டது. .22 என்று சொல்லப்படும் மிகச் சிறிய தோட்டாகூட ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. பயிற்சியும் இல்லாமல், உரிமமும் இல்லாமல், இரவில் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு, புதர் அசைந்தாலே சுடுகிற ஒருவரின் கையில் அது என்ன செய்யும் என்பதை நாமே யோசித்துப் பார்க்க வேண்டும்.

"தவறுதலாக நடந்துவிட்டது" என்று சொன்னால் போதுமா?

ஒரு விபத்து நடந்ததும் நாம் முதலில் சொல்வது, "என்ன செய்வது, அல்லாஹ்வின் நாட்டம்" என்பதுதான். கத்ரை நம்புவது ஈமானின் கடமை. ஆனால் கத்ரைச் சொல்லி நம் பொறுப்பைக் கைகழுவ மார்க்கம் அனுமதிக்கிறதா?

அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆவது வசனத்தைப் பாருங்கள். அங்கே அல்லாஹ் பேசுவது வேண்டுமென்றே செய்த கொலையைப் பற்றியல்ல, தவறுதலாக நேர்ந்த கொலையைப் பற்றி. அதற்கும் அல்லாஹ் இரண்டு கடமைகளை விதிக்கிறான். ஒன்று, இறந்தவரின் குடும்பத்தார் தாமாக விட்டுக்கொடுத்தாலன்றி, அவர்களுக்கு உரிய நஷ்டஈடு. மற்றொன்று கஃப்பாரா, அதாவது ஓர் அடிமையை விடுதலை செய்வது. அதற்கு வழியில்லாதவர் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்க வேண்டும்.

கொல்லும் எண்ணமே இல்லாதவருக்கு ஏன் கஃப்பாரா? எண்ணம் இல்லாவிட்டாலும் எச்சரிக்கை இல்லாமல் போனதே, அதனால்தான் என்று மார்க்க அறிஞர்கள் விளக்குகிறார்கள். நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது.

நபிகளார் கற்றுத்தந்த ஆயுத ஒழுக்கம்

சகோதரர்களே! துப்பாக்கி இல்லாத காலத்திலேயே, அதற்குப் பொருந்தும் பாதுகாப்பு விதிகளை நபி (ஸல்) அவர்கள் அம்பையும் வாளையும் வைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

முதலாவது, ஆயுதத்தின் முனை யார் பக்கமும் திரும்பக் கூடாது. பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புகளுடன் நடப்பவர், யார் மீதும் கீறிவிடாதபடி அவற்றின் முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கட்டளையிட்டார்கள் (புகாரி 452). காயம் பட்ட பிறகு வருந்துவதற்கு அல்ல, காயமே படாமல் தடுப்பதற்கான கட்டளை இது.

இரண்டாவது, விளையாட்டுக்கும் நீட்டக் கூடாது. ஒருவர் தம் சகோதரரை நோக்கி ஆயுதத்தைக் காட்ட வேண்டாம், ஷைத்தான் அவர் கையைத் தடுமாறச் செய்து அவரை நரகக் குழியில் தள்ளிவிடலாம் என்று எச்சரித்தார்கள் (புகாரி 7072). கூடப்பிறந்த சகோதரனாக இருந்தாலும், அப்படி நீட்டுபவரை மலக்குகள் சபிக்கிறார்கள் என்றும் அறிவித்தார்கள் (முஸ்லிம் 2616). "சும்மா பயமுறுத்தினேன்", "உள்ளே தோட்டா இல்லையென்று நினைத்தேன்" என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரப்பியதாகவே கருத வேண்டும் என்று பயிற்சியாளர்கள் முதல் பாடமாகச் சொல்வதும் இதைத்தான்.

மூன்றாவது, கைமாற்றும்போதும் கவனம் வேண்டும். உறையிலிருந்து உருவிய வாளை ஒருவருக்கொருவர் கொடுப்பதை நபியவர்கள் தடுத்தார்கள் (அபூதாவூத் 2588). இன்றைய துப்பாக்கிக்கு இதைப் பொருத்தினால், தோட்டாவை எடுத்துவிட்டு, எடுத்ததைச் சரிபார்த்து, விசையில் விரல் வைக்காமல், குழல் ஆளில்லாத பக்கம் பார்க்கும்படி கொடுக்க வேண்டும் என்றாகும்.

நான்காவது, பயனில்லாமல் எறிவதும் சுடுவதும் கூடாது. பொடிக்கற்களைச் சுண்டி எறிவதை நபியவர்கள் தடுத்ததற்குக் காரணம், அதனால் வேட்டைப் பிராணியும் விழாது, எதிரியும் வீழமாட்டான், ஆனால் ஒருவரின் பல்லை உடைக்கும், கண்ணைக் குருடாக்கும் என்பதே (புகாரி 5479). ஏர்கன் வாங்கிக்கொடுத்துக் குருவி சுட அனுப்பும் பெற்றோர்கள் இந்த ஹதீஸை யோசிக்க வேண்டும். உரிமம் தேவைப்படாத ஏர்கன்கூட அருகிலிருந்து சுட்டால் கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும்.

நாட்டுத் துப்பாக்கி ஏன் கூடுதல் ஆபத்து?

நாட்டுத் துப்பாக்கியில் கருமருந்தையும் குண்டுகளையும் குழலின் வாய் வழியாகப் போட்டுக் கம்பியால் இடிப்பார்கள். ஒருமுறை கெட்டித்துவிட்டால், சுடாமல் அதை வெளியே எடுப்பது சிரமம். அதனால் வேட்டைக்குப் போய் வெறுங்கையுடன் திரும்பியவர், கெட்டித்தபடியே அதைக் கொண்டுவந்து மூலையில் வைத்துவிடுகிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே மருந்து இருக்கிறதா என்பது தெரியாது. கைவேலையாகச் செய்த குழல், சுடுபவரின் முகத்துக்கு நேராகவே வெடித்துவிடுவதும் உண்டு. மறைத்து வைக்கப்படும் பொருள் என்பதால் அதைப் பூட்டி வைக்கவும் மாட்டார்கள், வீட்டாரிடம் சொல்லவும் மாட்டார்கள். விறகுக்கட்டுக்கு இடையிலோ பரணிலோ இருப்பதை ஒருநாள் குழந்தை கண்டெடுக்கிறது.

பன்றி பயிரை அழிக்கும் வேதனை உண்மைதான். ஆனால் அதற்குத் தீர்வு கள்ளத் துப்பாக்கி அல்ல. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. மனுக் கொடுப்பதும், இழப்பீடு கேட்பதும்தான் நமக்குள்ள வழி. உரிமம் இல்லாத துப்பாக்கி 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். முயலையும் மானையும் வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

நடந்துவிட்டால்?

2022இல் பக்கத்து இடுக்கி மாவட்டத்தில், வேட்டைக்குப் போன மலைவாழ் இளைஞர் ஒருவர் குண்டு பாய்ந்து இறந்தார். கூடப்போனவர்கள் உடலைக் காட்டிலேயே புதைத்துவிட்டார்கள். வீட்டாரோ அவரைக் காணவில்லை என்று தேடிக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் உண்மை வெளியே வந்தது. தவறுதலாக நேர்ந்ததை மறைக்கப் போய், தெரிந்தே செய்த பாவம் அதனுடன் சேர்ந்துகொண்டது.

உஹத் போரை நினைத்துப் பாருங்கள். ஹுதைஃபா (ரலி) அவர்களின் தந்தை யமான் (ரலி) அவர்களை, அடையாளம் தெரியாத குழப்பத்தில் முஸ்லிம்களே வெட்டிவிட்டார்கள். "என் தந்தை" என்று மகன் கூவியும் கைகள் நிற்கவில்லை. அந்த வேதனையிலும் ஹுதைஃபா (ரலி) அவர்கள், வெட்டியவர்களை அல்லாஹ் மன்னிக்கட்டும் என்று துஆச் செய்தார்கள் (புகாரி 4065). மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் பெருந்தன்மை. உண்மையை ஒப்புக்கொள்வதும், காயம்பட்டவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும், உரியதைக் கொடுப்பதும் தவறு செய்தவரின் கடமை.

இன்று வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியவை

குழந்தைகளுக்கு நான்கு வார்த்தை சொல்லிக்கொடுங்கள். எங்கே துப்பாக்கியைக் கண்டாலும் நில், தொடாதே, அங்கிருந்து விலகு, பெரியவரிடம் சொல். மீலாது மேடைக்கு மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இது ஒரு நிமிட வேலை.

உரிமத்துடன் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை ஒரு பூட்டிலும் தோட்டாவை வேறு பூட்டிலும் வையுங்கள். உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் சொல்கின்றன. அதை வெறும் காகிதச் சடங்காக ஆக்கிவிடாதீர்கள்.

உரிமம் இல்லாமல் வைத்திருப்பவர் யாரையாவது தெரிந்தால், ஜமாஅத் பெரியவர்களும் ஒரு வழக்கறிஞரும் துணைநின்று, அதைக் காவல்துறையிடம் ஒப்படைக்க வழி செய்யுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மலைக்கிராமங்களில் காவல்துறை கேட்டுக்கொண்டபோது, மக்கள் ஊர்ப் பெரியவர்கள் மூலம் நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைத்திருக்கிறார்கள். அங்கே முடிந்தது இங்கேயும் முடியும்.

தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்களே, வேட்டைக்குக் கூப்பிடுகிற நண்பரிடம் முடியாது என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை இரண்டு குடும்பங்களைக் காப்பாற்றும்.

யா அல்லாஹ்! எங்கள் கைகளால் எந்த உயிருக்கும் தீங்கு நேராமல் காப்பாயாக. எங்கள் பிள்ளைகளைப் பாதுகாப்பாயாக. கவனக்குறைவால் உறவுகளை இழந்த குடும்பங்களுக்கு அழகிய பொறுமையைத் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.