ஆடிகளை நேர்ப்படுத்துவோம்

ஜவ்வாது மலைக் காவலூரில் 1986-இல் திறக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலமுடையது. எர்ணாவூர் மொட்டைமாடியில் நாம் வைக்கும் சிறு தொலைநோக்கிக்கும் விதி ஒன்றே: ஆடிகள் நேர்பட நிற்கவேண்டும். பிசகினால் சனியின் வளையம் மங்கும். புதியவர்களோ ஆடி மட்டமென்று எண்ணித் தொலைநோக்கியைப் பரணில் ஏற்றிவிடுவர்.

பகலில் கண்ணருகு வில்லையைக் கழற்றிவிட்டு நோக்குவோம். சாய்ந்த சிறு ஆடியினுள், அடியிலுள்ள குழியாடி முழு வட்டமாய்த் தெரியவேண்டும்.

இரவில் ஒளிமிக்க விண்மீன் ஒன்றைக் குவியம் சற்று விலக்கிப் பார்ப்போம். ஒளிவட்டத்தின் நடுவே தெரியும் கரும்புள்ளி ஒருபுறம் ஒதுங்கினால், குழியாடியின் பின்னுள்ள மூன்று திருகாணிகளுள் ஒன்றைச் சிறிதே திருப்புவோம். உடனே விண்மீன் நகர்ந்துவிடும். அதை மீண்டும் நடுவில் கொணர்ந்த பின்பே சோதிக்கவேண்டும். இதை மறந்தே பலர் தவிக்கின்றனர்.

தோழியரே, பொறுமையாய்த் திருத்துவோம். குறை பெரும்பாலும் ஆடியில் அன்று. அது நிற்கும் நிலையில்தான்.