ஞாயிற்றுக்கிழமை வோல்டேஜ்

2025 பொங்கலுக்கு எங்கள் கம்பெனியில் நான்கு நாள் விடுமுறை. மாட்டுப் பொங்கல் அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு, துணி எடுக்க மாடிக்குப் போனேன். வானத்தில் துண்டு மேகம் கிடையாது. தை மாத வெயில், குளிர்ந்த காற்று. சோலார் பேனலுக்கு அதைவிட நல்ல நாள் அமையாது. ஆனால் படிக்கட்டு உச்சியில் மாட்டியிருந்த இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சைக்கு மாறியது. சில நிமிடங்களில் திரும்பவும் சிவப்பு.

போனில் இருந்த செயலியைத் திறந்தேன். மற்ற நாட்களில் குன்று மாதிரி ஏறி இறங்கும் உற்பத்திக் கோடு, அன்று சீப்புப் பல் மாதிரி வெட்டி வெட்டிக் கிடந்தது. பன்னிரண்டு யூனிட் வரவேண்டிய நாளில் ஏழு யூனிட். பழைய நாட்களைப் புரட்டிப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் இதே சீப்பு. நான்கு மாதமாக இது நடந்துகொண்டிருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

நான் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். வீடு ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில். 2024 செப்டம்பரில் 3 கிலோவாட் சோலார் போட்டேன். அதிலிருந்து உறவுக்காரர்களும் ஷிப்ட் நண்பர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “மிச்ச கரண்டை ஈபிக்கு வித்தா மாசம் எவ்வளவு வருது?” அந்தக் கேள்வியே தப்பான இடத்தில் தொடங்குகிறது. ஒவ்வொருவருக்காகச் சொல்லி முடியாததால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

நம் மாநிலத்தில் வீட்டு சோலாருக்கு இப்போது இருப்பது நிகர அளவீடு. 2019 சூரிய மின்கொள்கையில், மிச்ச மின்சாரத்துக்கு வாங்கும் விலையைவிடக் குறைந்த விலையில் கணக்கு வைக்கும் முறை வந்தது. 2021 அக்டோபரில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போட்ட உத்தரவில் வீடுகளுக்கு மறுபடி நிகர அளவீடு கிடைத்தது. பகலில் நாம் கம்பிக்கு அனுப்பும் யூனிட்டை, இரவில் கம்பியிலிருந்து எடுக்கும் யூனிட்டோடு யூனிட்டுக்கு யூனிட் கழித்துக்கொள்ளலாம் என்பதே அதன் பொருள். மிச்சம் இருந்தால் அடுத்த பில்லுக்குப் போகும். கையில் பணம் வாங்கும் வியாபாரம் இல்லை இது. பக்கத்து வீட்டில் அரிசி கொடுத்துவைத்து, வேண்டும்போது திரும்ப வாங்குவது போன்ற ஏற்பாடு. நமக்கு எவ்வளவு அரிசி வேண்டுமோ அதற்கு மேல் கொடுத்துவைப்பதில் லாபம் இல்லை.

ஏன் இல்லை என்பதை என் பில்லை வைத்தே சொல்கிறேன். எங்கள் வீட்டில் கோடைக்கால இரண்டு மாத பில் 900 யூனிட் வரும். 2024 ஜூலையிலிருந்து அமலான கட்டணப்படி 801 முதல் 1000 வரை யூனிட் 10 ரூபாய் 70 காசு. 601 முதல் 800 வரை 9.65. அதற்குக் கீழே 8.55, 6.45 என்று இறங்கி, 400க்குள் 4.80. முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம், அது 2016லிருந்து இருக்கிறது. சோலார் கழிப்பது எப்போதும் மேல்படியிலிருந்து. என் பேனல் தரும் முதல் 100 யூனிட் எனக்கு 10.70 வீதம் மிச்சப்படுத்துகிறது. அடுத்த 200 யூனிட் 9.65 வீதம். போகப்போக ஒவ்வொரு யூனிட்டின் மதிப்பும் குறைந்துகொண்டே வரும். நிகரக் கணக்கு 500க்குள் இறங்கிவிட்டால் கீழ்ப்படிகளும் மானிய விலைக்கு வந்துவிடும். கடைசியில் அந்த இலவச 100 யூனிட்டையும் நம் பேனலே ஈடுகட்டினால், அரசு சும்மா கொடுப்பதை நாம் காசு போட்டு வாங்குகிறோம் என்று ஆகிறது.

1 கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்குச் சராசரி 4 யூனிட் என்று வைத்தால், 3 கிலோவாட் இரண்டு மாதத்துக்கு 720 யூனிட் தரும். 900இல் 720 போனால் 180. எனக்கு அது போதும். எனக்குப் போட்டுக் கொடுத்தவர் முதலில் 5 கிலோவாட் போடச் சொன்னார், “வித்துக்கலாம் சார்” என்றார். பிஎம் சூர்ய கர் திட்டத்தின் மத்திய மானியம் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000, ஆக மொத்தம் 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் ஒரு ரூபாய் கூடாது. மானியத்தில் வராத, பில்லிலும் பெரிதாகக் குறைக்காத அந்த 2 கிலோவாட்டை நான் தவிர்த்தது சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன். மின்சார காரோ இன்னொரு ஏசியோ நிச்சயம் வாங்கப்போகிறவர்கள் கணக்கு வேறு.

இனி அந்தச் சிவப்பு விளக்குக்கு வருகிறேன். ஈபிக்கு மின்சாரம் அனுப்புவது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

தண்ணீர் உயரத்திலிருந்து பள்ளத்துக்குப் பாய்வதுபோல, மின்சாரம் வோல்டேஜ் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் போகும். நம் இன்வெர்ட்டர் வெளியே அனுப்ப வேண்டுமானால், தெருக் கம்பியில் இருப்பதைவிடச் சற்று அதிக வோல்டேஜில் தள்ள வேண்டும். கம்பியில் 238 இருந்தால் இவன் 241இல் தள்ளுவான். கம்பியிலேயே 249 இருந்தால்? இவன் 253 என்ற எல்லையைத் தொட்டதும் பாதுகாப்புக்காகத் தன்னை அணைத்துக்கொள்வான். கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்ப முயல்வான். மறுபடி எல்லை, மறுபடி அணைப்பு. சீப்புப் பல் அப்படித்தான் வந்தது.

வேலை நாட்களில் வராதது ஏன் ஞாயிற்றுக்கிழமை வருகிறது? நம் பகுதியை நினைத்துப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று வரிசையாகத் தொழிற்பேட்டைகள். அத்தனை பிரஸ், கம்ப்ரசர், பெயின்ட் ஷாப் ஓடும்போது கம்பிகளில் சுமை இருக்கும், வோல்டேஜ் கட்டுக்குள் நிற்கும். ஞாயிறு, பொங்கல், ஆயுத பூசை என்று பல ஆலைகள் ஒன்றாக மூடும் நாளில் சுமை குறைந்து வோல்டேஜ் ஏறிவிடுகிறது. பெரிய ஆலைகளுக்குத் தனி உயர் அழுத்த இணைப்பு உண்டு என்றாலும் துணை மின்நிலையம் பொதுதானே. என் வீட்டு மீட்டரில் வேலை நாள் மதியம் 240, ஞாயிறு மதியம் 249 என்று நானே எட்டு வாரம் குறித்துவைத்தேன்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. 2025 ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையில் நாட்டின் மின் தேவை சரிந்துவிடும் என்பதால், கூரை சோலார் வைத்திருப்பவர்கள் பிற்பகல் 3 மணி வரை அணைத்து வைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. எடுத்துக்கொள்ள ஆள் இல்லாத நேரத்தில் மின்சாரத்தை அனுப்ப முடியாது. நாடு முழுவதற்கும் உள்ள அந்த விதி என் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கும் உண்டு.

என் விஷயத்தில் பாதிக் காரணம் என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. இன்வெர்ட்டர் மாடியில், மீட்டர் வாசல் கேட்டுப் பக்கம். நடுவில் 40 மீட்டர் கேபிள். நிறுவியவர்கள் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டு பிளக் பாயின்ட்டுக்கு அது சரி. 13 ஆம்பியரை 40 மீட்டர் தள்ளும்போது அந்தக் கம்பியின் தடையே கிட்டத்தட்ட 8 வோல்ட்டைத் தின்றுவிடும். இன்வெர்ட்டர் அந்த 8 வோல்ட்டையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருந்தது. பராமரிப்பில் இருபது வருடம் வேலை பார்த்த நான் இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். பிப்ரவரியில் 6 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிளாக மாற்றினேன். 8 வோல்ட் 3 ஆகக் குறைந்தது. சோலார் போடுகிறவர்கள் பேனலின் வாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். நீங்கள் கேபிளின் தடிமனைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள், அது எழுத்தில் ஒப்பந்தத்தில் வரட்டும்.

மீதிப் பாதிக்கு ஈபி பிரிவு அலுவலகம் போனேன். வெறுங்கையோடு போகவில்லை. எட்டு வாரத்துத் தேதி, நேரம், வோல்டேஜ், மீட்டர் படம், இன்வெர்ட்டரின் பிழைப் பதிவு எல்லாம் ஒரு தாளில் வைத்து, மனுவோடு இணைத்தேன். உதவிப் பொறியாளர் தாளைப் பார்த்துவிட்டு, “இப்படி எழுதிக் கொண்டு வந்தா எங்களுக்கும் மேல பேச வசதிங்க” என்றார். ஒரு ஞாயிறு அவர்களே வந்து அளந்தார்கள். மார்ச்சில் ஒரு நாள் எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரை அணைத்து, வோல்டேஜ் குறையும்படி அதன் டேப்பை ஒரு படி மாற்றினார்கள். லைன்மேன் கீழே இறங்கியதும், “இனிமே ஃபிரிட்ஜுக்கும் நல்லதுண்ணே” என்றார். அவர் சொன்னது சரி. அதிக வோல்டேஜ் என்னை மட்டும் பாதித்த விஷயமில்லை, தெருவுக்கே பல்பும் மோட்டாரும் சீக்கிரம் போய்க்கொண்டிருந்தன.

மீட்டர் விஷயத்தில் பலருக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. செயலியில் 12 யூனிட் காட்டும், இருவழி மீட்டரின் ஏற்றுமதி எண் 7 மட்டும் கூடியிருக்கும். ஐந்து யூனிட் எங்கே என்று என் மனைவியும் கேட்டாள். அது எங்கும் போகவில்லை, வீட்டுக்குள்ளேயே ஃபிரிட்ஜும் மோட்டாரும் நேராகக் குடித்துவிட்டன. குடித்தது போகத்தான் வெளியே போகும். மாதம் ஒரு முறை இறக்குமதி, ஏற்றுமதி இரண்டு எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். பில் வரும்போது ஒப்பிட இரண்டு நிமிடம் போதும். சேர்ந்த மிச்சத்தின் கணக்கு எந்த மாதத்தில் முடிக்கப்படுகிறது என்பதையும் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நேராகக் குடிப்பதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது, அதற்கு எந்தக் கம்பியின் தயவும் வேண்டாம். இந்த விஷயத்தில் ஷிப்ட் குடும்பங்களுக்கு ஒரு வசதி உண்டு. சி ஷிப்ட் முடித்து வந்து பகலில் ஏசி போட்டுத் தூங்குகிறோம். அலுவலகக்காரர் வீட்டில் பகல் முழுக்கக் கதவு பூட்டியிருக்கும், மின்சாரமும் வெளியே போய்த் திரும்ப வரும். என் இரவு ஷிப்ட் வாரங்களில் ஏற்றுமதி பாதியாகிவிடுகிறது, அது எனக்குச் சந்தோஷம். மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றையும் பத்து மணிக்கு மேல் மூன்று மணிக்குள் மாற்றிக்கொண்டோம்.

கரண்டு போனால் சோலாரும் நின்றுவிடும் என்பதைப் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கம்பியில் வேலை செய்யும் லைன்மேன் உயிர் போகக்கூடாது என்பதற்காக வைத்த விதி அது. மின்வெட்டிலும் வேண்டும் என்றால் பேட்டரியோடு சேர்ந்த வேறு வகை இன்வெர்ட்டர், வேறு விலை.

லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்கள் நம் பக்கம் அதிகம். நிகர அளவீட்டில், ஒரு இணைப்பில் போட்ட சோலார் அந்த மீட்டரின் கணக்கில்தான் கழியும். உங்கள் மாடியின் மிச்சம் பின்னால் இருக்கும் எட்டு அறைகளின் மீட்டரில் கழியாது. இதைத் தெரியாமல் 10 கிலோவாட்டுக்கு முன்பணம் கொடுத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

நிழல் அடுத்தது. பேனல்கள் தொடராக இணைந்தவை, ஒன்றின் மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்தால் வரிசை முழுதும் தளரும். இங்கே இன்னொரு ஆபத்தும் உண்டு. கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விடப் பக்கத்து வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் இன்னொரு மாடி எழுப்புவார். மேற்குப் பக்கம் காலி மனை என்று நம்பி அந்த ஓரத்தில் பேனலைத் தள்ளி வைக்காதீர்கள். இரும்புச் சட்டத்தைக் காற்றுக்கு ஏற்றபடி போடச் சொல்லுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் இந்த வழியாகத்தான் போனது.

ஒரகடம் சாலையின் லாரிப் புழுதியும் கிரஷர் தூசும் பத்து நாளில் பேனலை மங்கவைக்கும். விடியற்காலையில், பேனல் சூடாகும் முன், நல்ல தண்ணீர் விட்டுத் துணியால் துடைக்கிறோம். போர் தண்ணீர் உப்புத் திட்டாகப் படியும், ஆகாது.

நம்மைச் சுற்றியே பேனல் தயாராகிறது. 2021இல் விக்ரம் சோலார் ஒரகடத்தில் ஆலை திறந்தது. 2024 ஜனவரியில் பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் திறந்தது. ஷிப்ட் பஸ்ஸில் போகும்போது அங்கேயே நேராக வாங்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைப்பாக்கத்தில் செய்வது பெரிய சூரியப் பண்ணைகளுக்கான மெல்லிய படலப் பேனல். வீட்டுக்கு நீங்கள் பார்க்க வேண்டியது, மானியத்துக்குத் தகுதியாக, பேனலும் அதன் உள்ளே இருக்கும் சோலார் செல்லும் இந்தியாவிலேயே செய்தவையா என்ற சான்று. அது இல்லாவிட்டால் 78,000 வராது.

2025 அக்டோபர் 1, ஆயுத பூசை. ஆலைகள் மூடியிருந்தன. மதியம் பன்னிரண்டரைக்கு மீட்டரில் 243 வோல்ட், இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு. அன்று அது ஒரு முறையும் நிற்கவில்லை.

நீங்கள் போடுவதாக இருந்தால், யாருக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன், கடைசி ஆறு பில்லை எடுத்து வைத்து யூனிட்டைக் கூட்டிப் பாருங்கள். அப்புறம் ஒரு ஞாயிறு மதியம் உங்கள் மீட்டரில் வோல்டேஜைப் பாருங்கள். 245க்கு மேல் இருந்தால், பேனலுக்கு முன்னால் பிரிவு அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள்.