இடாப்பில் ஒரு வரி

வகுப்புத் தொடங்குமுன் ஆசிரியர் இடாப்பைத் திறந்து உங்கள் பெயர்களை வாசிக்கின்றார். சுமார் 240 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வேறோர் இடாப்பையும், அதிலிருந்து பிறந்த ஒரு நாவலையும் பற்றி இங்கே பயில்வோம்.

1783ஆம் ஆண்டு. அமெரிக்கச் சுதந்திரப் போரிலே தோற்ற பிரித்தானியர் நியூயோர்க்கை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தனர். தம் பக்கம் வந்துசேரும் அடிமைகளுக்கு விடுதலை அளிப்பதாக அவர்கள் போர்க்காலத்தில் வாக்களித்திருந்தனர். அவ்வாறு வந்த சுமார் 3,000 கறுப்பின மக்களின் பெயர்களைக் கப்பலேறுமுன் ஒரு பேரேட்டிற் பதிந்தனர். எசமானர்கள் பின்னர் இழப்பீடு கோரினால் கணக்குக் காட்டவே இந்த ஏற்பாடு. ‘நீக்ரோக்களின் நூல்’ என்பது அதன் பெயர். (அச்சொல் இன்று இழிசொல், வரலாற்றுப் பெயராதலால் அவ்வாறே தருகின்றோம்.) பெயர், வயது, உடல் அடையாளம், முன்னைய எசமானர் என ஒருவருக்குச் சில சொற்களே. டெபோரா என்ற பெண்ணுக்கு வயது 20. தடித்த உதடு, அம்மைத் தழும்பு. ஜெனரல் வாஷிங்டனின் அடிமையாக இருந்தவள். ஆம், பின்னர் அமெரிக்காவின் முதலாவது சனாதிபதியான அதே வாஷிங்டன்தான்! அவள் எதற்கு அஞ்சினாள், எதை எண்ணிச் சிரித்தாள் என்று எழுத அவ்வேட்டில் இடமில்லை.

அந்த வெற்றிடத்திலேதான் வரலாற்று நாவல் தன் பணியைத் தொடங்குகின்றது. கனடிய எழுத்தாளர் லோரன்ஸ் ஹில், பேரேட்டின் பெயரையே தலைப்பாக்கி 2007இல் ஒரு நாவலை வெளியிட்டார். அதன் நாயகி அமினாட்டா டியாலோ, மேற்கு ஆபிரிக்கச் சிற்றூரொன்றில் பிறந்த கற்பனைப் பாத்திரம். பதினோராம் வயதில் கடத்தப்பட்டு, கடற்கரைவரை மாதக்கணக்காக நடத்திச் செல்லப்படுகின்றாள். மருத்துவிச்சியான தாயிடம் கற்ற தொழிலே பின்னாளில் அவளுக்குத் துணையாகின்றது.

கப்பற் காட்சியே நூலின் உயிர் என்போம். அடிமைகளை மேற்றளத்தில் ஆடும்படி மாலுமிகள் வற்புறுத்துவர். (உடல் நலிந்தால் விலை குறையுமல்லவா?) அந்த ஆட்டத்தின் நடுவே சிறுமி பெயர்களைப் பாடுகின்றாள். அவள் கண்ணைச் சந்தித்தவர்கள் தத்தம் பெயரையும் ஊரையும் உரத்துச் சொல்கின்றனர். சரக்காக ஏற்றப்பட்டவர்கள் அக்கணத்தில் இன்னாரின் மகன், இன்ன ஊரவள் என்றாகிவிடுகின்றனர்.

கரை சேர்ந்ததும் அவளுடைய பெயரே பறிபோகின்றது. தென் கரோலினாவின் அவுரித் தோட்டத்தில் ‘அமினாட்டா’ என்பது பிறர் வாயில் நுழையவில்லை; அவள் ‘மீனா’ ஆகின்றாள். நமக்குப் பழகிய இனிய பெண்பெயர், அவளுக்கோ வெட்டியது போக எஞ்சிய துண்டு! இந்நாட்டுப் பாடசாலைகளில் நம் பிள்ளைகளின் பெயர்களும் குறுகுவதுண்டு. அதுவும் இதுவும் ஒன்றல்ல. அவள் பெற்ற ஆண்குழந்தையையே எசமானன் விற்றுவிடுகின்றான். ஆயினும் பெற்றோர் இப்பக்கங்களை எளிதிற் கடந்துவிட மாட்டார்கள்.

எழுதப் படிக்கக் கற்ற அமினாட்டா, நியூயோர்க்கில் அப்பேரேட்டைத் தானே எழுதுவதாக ஆசிரியர் புனைந்துள்ளார். உண்மையில் அதனை எழுதியோர் பிரித்தானியத் தரப்பு அலுவலர்கள். அதன்பின் வருபவை பெரும்பாலும் வரலாறே. நோவா ஸ்கோசியாவில் அவர்களுக்குக் கிடைத்தவை கல் நிலமும் கடுங்குளிருமே. 1784இல் ஷெல்பர்ன் நகர வெள்ளையர் அவர்களின் வீடுகளை இடித்துத் துரத்தினர். 1792இல் சுமார் 1,200 பேர் 15 கப்பல்களில் சியரா லியோன் சென்று பிரீடவுன் நகரை அமைத்தனர். அங்கிருந்து ஆற்றுவழியே சற்று மேலே, பன்ஸ் தீவுக் கோட்டையில் அடிமை வாணிபம் அப்போதும் நடந்துகொண்டிருந்தது! பிரித்தானியா அதனைச் சட்டத்தால் தடுத்தது 1807இலேதான்.

பேரேட்டின் மூலப்படி இலண்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றது. உயர்வகுப்பு மாணவர்கள் அதன் படியொன்றைத் தேடி எடுத்து டெபோராவின் வரியை வாசிக்கலாம். அவள் ஏறிய கப்பலும் ஷெல்பர்ன் துறைக்கே சென்றது.