மனத்தை அளக்கும் வினாத்தாள்



சென்ற ஆண்டு என் கடையில் நடந்த ஒரு சம்பவமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. நான் மத்ரஸாவிலும் தொடக்கப் பள்ளியிலும் படித்ததோடு நின்றவன், வைத்தியம் அறியேன். பல்கலைக்கழகத்தில் மனோதத்துவம் பயிலும் என் தங்கை மகள் பாடப் புத்தகங்களைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் தமிழில் எழுதிக்கொண்டேன். பிழையிருந்தால் அது என்னுடையது.

என் கடைச் சிப்பந்தி ஒருவர், ஊரிலிருந்து வந்து மூன்று வருஷம் ஆனவர், நாளுக்கு நாள் மெலிந்து வந்தார். சிட்டையில் கூட்டல் தவறும். கிடங்கிலிருந்து ஒரு மூட்டை எடுத்து வரச் சொன்னால் அங்கேயே போய் நின்றுவிடுவார். என்ன என்று கேட்டால், "உடம்பு அசதி, முதலாளி" என்பார். கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். அங்கே ரத்தம் எடுத்தார்கள். பிறகு ஒன்பது கேள்விகள் அச்சிட்ட ஒரு தாளை நீட்டினார்கள். அவருக்கு மலாய் படிக்க வராது. ஆகவே நானே வாசித்து, தமிழில் சொல்லி, அவர் சொன்ன பதிலை நானே குறித்தேன். கூட்டிப் பார்த்தால் இரண்டே மதிப்பெண். வியாதி ஒன்றுமில்லை, சோம்பல்தான் என்று மனத்துக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டேன். அதன் பிறகு நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், இப்படிப்பட்ட தாள்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம்.

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய ஆண்டு 1917. குண்டுச் சத்தத்தில் நிலைகுலைந்து போகும் சிப்பாய்களை முன்கூட்டியே கண்டறிய வேண்டும் என்று இராணுவத்தார் விரும்பினர். இலட்சக்கணக்கான பேரை ஒவ்வொருவராக வைத்தியர் உட்கார்த்தி விசாரிக்க இயலுமா? உட்வொர்த் என்ற அறிஞர் 'ஆம்', 'இல்லை' என்று விடை எழுதும் 116 கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தயாரித்தார். அது முழு உபயோகத்துக்கு வருமுன் போர் முடிந்துவிட்டது. ஆனால் அந்த வழி மட்டும் நின்றுவிட்டது.

அதில் ஒரு குறை உண்டு. "உமக்குக் கெட்ட கனவு வருகிறதா?" என்று நேராகக் கேட்டால், கேள்வி எதற்கு என்று பதில் சொல்பவனுக்கும் தெரியும். வேண்டியபடி எழுதிவிடலாம். இதற்கு மாற்றுக் கண்டவர்கள் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாதவே, மெக்கின்லி என்ற இருவர். 1943ல் வெளிவந்த அவர்களுடைய பரீட்சையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு என்று குறிக்க வேண்டும். இன்ன வாக்கியம் இன்ன வியாதியைக் காட்டும் என்று அவர்கள் ஊகித்துக்கொண்டு உட்காரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்த மனநோயாளிகளிடம் கொடுத்தார்கள்; நோயாளிகளைப் பார்க்க வந்த உறவினர், விருந்தினர் 724 பேரிடமும் கொடுத்தார்கள். இரண்டு கூட்டத்தாரும் எந்த வாக்கியத்துக்கு வேறுவேறாக விடையளித்தார்களோ, அதையே அளவாக எடுத்துக்கொண்டார்கள். வாக்கியத்தின் பொருள் வியாதிக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றினாலும் சரியே.

பொய்யைப் பிடிக்கவும் ஒரு பொறி வைத்தார்கள். நான் ஒருபோதும் கோபப்பட்டதில்லை என்கிற பாணியில் 15 வாக்கியங்களை இடையிடையே கலந்தார்கள். எல்லாவற்றிலும் தன்னை உத்தமனாகக் காட்டிக்கொள்பவன் அதில் அகப்படுவான். நம் வியாபாரத்தில், "எங்கள் சரக்கில் ஒரு குறையும் கிடையாது" என்று சத்தியம் செய்பவனைக் கண்டால் நாம் இன்னொரு தரம் மூட்டையைக் குத்திப் பார்ப்போமல்லவா, அது போலத்தான். ஆனால் உண்மையாகவே கட்டுப்பாடோடு வாழ்கிற பக்திமானும் இந்தப் பொறியில் சிக்கக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த 724 பேர் யார்? சராசரியாக வயது 35, மணமானவர், சிற்றூர்வாசி, எட்டாண்டுப் பள்ளிப் படிப்பு, ஏதோ ஒரு கைத்தொழில், பெரும்பாலும் வெள்ளையர். ஏறக்குறைய ஐம்பது வருஷ காலம் உலகத்தின் மனங்களை அளந்த மரக்கால் அவர்கள்தாம்! முற்காலத்தில் ஓர் ஊர் மரக்காலுக்கும் அடுத்த ஊர் மரக்காலுக்கும் வித்தியாசம் இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பழைய பரீட்சையில் ஏசு கிறிஸ்து மீண்டும் வருவார் என்பதை நம்புகிறாயா என்னும் பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. ஈஸா நபி அவர்கள் மீண்டும் வருவார்கள் என்று நாமும்தான் நம்புகிறோம். அதற்கும் மனநோய்க்கும் என்ன உறவு? பலத்த ஆட்சேபணைக்குப் பிறகு 1989ல் பரீட்சையைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். அளவையும் பல மாநிலங்களைச் சேர்ந்த 2,600 பேரைக் கொண்டு புதிதாக அமைத்தார்கள்.

என் கையில் கிடைத்த ஒன்பது கேள்வித் தாள் இதைவிட மிகச் சிறியது. 'பி.எச்.கியூ. 9' என்பது அதன் பெயர். ஃபைசர் என்ற மருந்துக் கம்பெனியின் பணவுதவியோடு அமெரிக்க வைத்தியர்கள் தயாரித்தது. (மருந்து விற்பவர் பணம் கொடுத்தார் என்றதும் நமக்குப் புருவம் உயரும், ஆனால் இந்தத் தாளை யாரும் விலையின்றி உபயோகிக்கலாம்.) கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, அசதி, உற்சாகம் முதலியவை எப்படி என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

கவனியுங்கள், "விசாரிக்க வேண்டும்" என்றுதான் சொன்னேன். 2001ல் வெளியான ஆராய்ச்சியில், நோயுள்ளவர்களில் 100க்கு 88 பேரை இந்தப் பத்து என்னும் எல்லை பிடித்தது. நோயில்லாதவர்களில் 88 பேரைச் சரியாக விட்டுவிட்டது. கேட்பதற்குப் பிரமாதம். இப்போது கணக்குப் போடுங்கள். 100 பேரில் 10 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் சுமார் 9 பேர் அகப்படுவர். நோயில்லாத 90 பேரிலும் 100க்கு 12 வீதம், அதாவது சுமார் 11 பேர் அகப்படுவர். ஆக, அகப்பட்ட 20 பேரில் 11 பேருக்கு நோயே இல்லை! இரவு முழுதும் கடை திறந்து வைத்திருப்பவனுக்கும், ரத்த சோகைக்காரனுக்கும், தைராய்டு சுரப்பி கெட்டவனுக்கும் அசதியும் தூக்கக் கேடும் வரும். இத்தாள் சல்லடையே தவிரத் தராசல்ல. சல்லடையில் நின்றதைக் கையால் பொறுக்கிப் பார்ப்பது வைத்தியர் வேலை.

முதலாளிமார்கள் இங்கே கொஞ்சம் காது கொடுக்க வேண்டும். ஆள் எடுக்கும்போதே இப்படி ஒரு பரீட்சை வைத்துவிட்டால் தொல்லை இல்லையே என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். அமெரிக்காவில் வீட்டுச் சாமான்களை வாடகைக்கு விடும் 'ரென்ட் எ சென்டர்' கம்பெனி, பதவி உயர்வு கேட்ட சிப்பந்திகளுக்கு மேற்சொன்ன மினசோட்டா பரீட்சையையும் சேர்த்து வைத்தது. மூன்று சகோதரர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். மனநோயைக் கண்டுபிடிக்க உண்டான பரீட்சை வைத்தியப் பரிசோதனையே ஆகும், அதை வைத்துப் பதவி உயர்வைத் தீர்மானிப்பது சட்ட விரோதம் என்று 2005ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் அக்கரைச் சிங்கப்பூரிலும், வேலைக்கு மனுச் செய்பவரிடம் மனநோய் உண்டா என்று காரணமின்றிக் கேட்பது முறையன்று என 2020ல் முதலாளிகளுக்கு வழிகாட்டி விதி வந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். வைத்தியர் அந்த இரண்டு மதிப்பெண்ணைப் பார்த்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். "இதை யார் எழுதியது?" என்றார். நான்தான் என்றேன். "சம்பளம் கொடுப்பவரே கேட்டால் எந்த வேலைக்காரர் வேலையில் மனம் செல்லவில்லை என்று சொல்லுவார்?" என்று சொல்லி, என்னை வெளியே உட்காரச் சொன்னார். தமிழ் தெரிந்த நர்ஸம்மா ஒருவர் உள்ளே போனார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் வெளியே உட்கார்ந்து, பகல் வியாபாரம் போயிற்றே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை மறைப்பானேன்.

அதே ஒன்பது கேள்விகளுக்கு இம்முறை 17 வந்தது. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததுண்டா என்பது. அதற்கு மட்டும் பூஜ்யத்துக்கு மேல் எது வந்தாலும், மற்றக் கூட்டல் எவ்வளவாக இருந்தாலும், வைத்தியர் அன்றே நேரில் விசாரிக்க வேண்டும். நான் கேட்டபோது தம்பி "சே, இல்லை" என்றார். நர்ஸம்மாவிடம் "பல நாள்" என்றாராம். ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று ஒரு பயம். போலீசில் பிடித்துக் கொடுப்பார்கள் என்று இன்னொரு பயம். தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்னும் சட்டம் சிங்கப்பூரில் 2020லும் மலேசியாவில் 2023லும் எடுபட்டுவிட்டதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கே அன்றுதான் தெரியும்.

வைத்தியர் 17ஐப் பார்த்ததும் மருந்து எழுதிவிடவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். குடும்பம், கடன், தூக்கம், முன்பு எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகம் வந்ததுண்டா என்று விசாரித்தார். பிறகே சிகிச்சை தொடங்கியது. இதையெல்லாம் பின்னால் தம்பியே என்னிடம் சொன்னார். எழுதுவதற்குச் சம்மதமும் தந்தார், ஊர் பேர் வேண்டாம் என்றார்.

அவர் இன்றும் என் கடையில்தான் இருக்கிறார். மாதம் ஒரு நாள் காலையில் கிளினிக்குக்குப் போய்வருகிறார். அன்று கல்லாவில் நான் உட்காருகிறேன். தாளை அவரும் நர்ஸம்மாவும் நிரப்புகிறார்கள். எத்தனை மதிப்பெண் என்று நான் கேட்பதில்லை.